சூடு பார்க்கும் துப்பாக்கிக்கு ஒரு கண்

கல்யாண மண்டபத்தின் பின்பக்கம். ஒரு ஓரத்தில் பிரியாணி தேக்சாக்கள் வரிசையாகப் புகைந்துகொண்டிருக்கின்றன. எதிர் ஓரத்தில், ஷாமியானா நிழலில் நாலைந்து பெண்கள் வெங்காயம் உரிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பட்டுக்கரை வேட்டியும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையுமாக ஒரு மனிதர். ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மண்டபத்து டிரான்ஸ்ஃபார்மரை நோக்கித் துப்பாக்கியை நீட்டியபடி நிற்கிறார்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என்னிடம் கேட்டார்.

"அந்த ஐயா யாருங்க? காக்கா சுடறாரா?"

"தெரியலீங்க" என்றேன்.

கட்டிய கணவரைத் தெரியாது என்று சொல்வது பாவம்தான். ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒரு வரி. நான் ஸ்டெல்லா, நெய்வேலியில் நர்ஸ். ஊரே என்னை 'சிஸ்டர்' என்று கூப்பிடும். 'இவர்' என்று நான் எழுதினால் அது எப்போதும் என் கணவர் லூர்துசாமிதான்.

அவர் கையில் இருந்தது சுடும் துப்பாக்கி இல்லை. தொடாமலே தூரத்திலிருந்து சூடு பார்க்கிற தெர்மாமீட்டர். கொரோனா காலத்தில் கடை வாசலில் எல்லோர் நெற்றியிலும் நீட்டினார்களே, அதன் பெரியண்ணன். அதன் தலையில் ஒரு ஸ்கோப் வேறு பூட்டியிருந்தது. அது எப்படி அங்கே ஏறியது என்று சொல்லாமல் கல்யாணத்துக்குப் போனால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

டிபெண்டன்ட்

இவர் வேலை பார்த்தது இங்கே மின் நிலையத்தின் கருவிப் பிரிவில். அழுத்தம், வெப்பம், ஓட்டம் என்று எதையாவது அளந்துகொண்டே ஆயுளில் பாதியைக் கழித்தவர். ஒருநாள் சால்வையும் சந்தன மாலையும் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் அவரைவிட இளையவள். அதே நிறுவனத்தின் ஆஸ்பத்திரியில் எனக்கு இன்னும் சர்வீஸ் இருந்தது. அதனால் குவார்ட்டர்ஸ் என் பெயருக்கு மாறியது. மருத்துவப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருந்தவர், உள்ளே 'டிபெண்டன்ட்' என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். காலமெல்லாம் அந்த இடத்தில் என் பெயரை எழுதி எழுதிப் பழகியவர். அன்று வெளியே போய் மோட்டார் போட்டு, தொட்டி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு அளக்க ஒன்றும் இல்லாமல் என்னை அளக்க ஆரம்பித்தார். சாம்பாரில் உப்பு கூட, பால் சீக்கிரம் பொங்கிவிட்டது, டூட்டியிலிருந்து வர நேரமாகிவிட்டது. ஓய்வு பெற்ற ஆண்கள் வீட்டுக்கு ஒத்தாசை என்று எழுதுகிறவர்களை நான் ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்க அழைக்கிறேன். சாப்பாடு இலவசம்.

அப்புறம்தான் கூரியரில் அந்தத் துப்பாக்கி வந்தது.

முதல் நாள் இட்லிப் பானை. இரண்டாம் நாள் மொட்டை மாடி. அடுத்து ஃபிரிட்ஜின் முதுகு, ஸ்கூட்டரின் சைலன்சர், பக்கத்து வீட்டு நாயின் மூக்கு. நான் டூட்டி முடிந்து களைத்து வந்து கதவைத் திறந்தால் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி.

"நார்மல்" என்பார். "கோவம் மட்டும்தான் போல."

அதற்கு ஒரு குறை இருந்தது. எங்கே குறி பார்க்கிறோம் என்பதைக் காட்ட ஒரு சிவப்புப் புள்ளி விழும். வீட்டுக்குள் நன்றாகத் தெரியும். வெளியே நெய்வேலி வெயிலில் அந்தப் புள்ளி விழுந்த இடம் யாருக்கும் தெரியாது. தெருவிளக்குக் கம்பத்தை நோக்கி நீட்டிவிட்டு, அளந்தது கம்பத்தையா, காக்கையையா, வானத்தையா என்று தவித்தார்.

"எங்க பாக்கறோம்னு தெரியாம பாக்கறது பாக்கறதே இல்ல ஸ்டெல்லா" என்றார் ஒருநாள் சாப்பிடும்போது.

குழம்பைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுவாரம் இன்னொரு கூரியர் வந்தது.

இஸ்திரிப் பெட்டியின் தியாகம்

உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு குழாய். கண்ணை வைத்தால் தூரத்தில் இருப்பது கிட்டத்தில் தெரியும். நடுவில் மெல்லிய கூட்டல் குறி. துப்பாக்கியின் முதுகில் பூட்ட ஒரு கிளாம்ப், இரண்டு திருகு, திருக ஒரு குட்டிச் சாவி. காபி ஆறுவதற்குள் பூட்டிவிட்டார்.

"முடிஞ்சிதா?" என்றேன்.

"பூட்டறது ஒரு வேலையா? இனிமேதான் இருக்கு வேலை."

வேலை இதுதான். சூட்டைப் பார்ப்பது துப்பாக்கியின் மூக்கில் இருக்கிற லென்ஸ். நாம் பார்ப்பது அதற்கு மேலே இருக்கிற ஸ்கோப் வழியாக. இரண்டும் இரண்டு கண். கூட்டல் குறி நிற்கிற இடமும் லென்ஸ் பார்க்கிற இடமும் ஒன்றாக இருக்கும்படி திருகித் திருகிச் சேர்க்க வேண்டும். அதையும் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குத்தான் சேர்க்க முடியும். அதற்கு முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் விலகும்.

ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் ஒரே பக்கம் பார்த்தாலும் வேறு வேறு இடத்தைப் பார்ப்பது எனக்குப் புதிய செய்தி இல்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

சேர்த்துப் பார்க்கச் சின்னதாக, சூடாக ஒரு பொருள் வேண்டும். சுற்றிலும் சூடு இருக்கக் கூடாது. வீட்டில் அப்படி ஒரு பொருள் எது? என் இஸ்திரிப் பெட்டி. காம்பவுண்டு சுவரில் அதை நிமிர்த்தி வைத்து, எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்துச் சூடேற்றினார். பளபளப்பான உலோகத்தை அந்தத் துப்பாக்கி குறைத்துக் காட்டுமாம். அதற்காக அதன் முகத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினார்.

எதிர்ப்புறம், வேப்பமரத்தடியில் சமையலறை ஸ்டூல். ஸ்டூல் மேல் என் தலையணை. தலையணை மேல் துப்பாக்கி. ஸ்டூலுக்குப் பின்னால் மண்டியிட்டு இவர்.

முறை எளிதுதான். துப்பாக்கியை மெல்ல மெல்ல நகர்த்த வேண்டும். எங்கே நம்பர் உச்சத்துக்கு ஏறுகிறதோ அங்கே லென்ஸ் பெட்டியைப் பார்க்கிறது என்று அர்த்தம். அப்படியே அசையாமல் பிடித்துக்கொண்டு, ஸ்கோப்பின் திருகைத் திருகி, கூட்டல் குறியைப் பெட்டியின் மேல் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஆறு தடவை செய்தார். ஏழாவது தடவைக்குள் டேப் உருகிவிட்டது.

மறுநாள் என் வெள்ளை யூனிஃபார்மில் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு கறுப்புக் கோடு. வார்டில் ஒரு பாட்டையா, "யாராச்சும் தவறிட்டாங்களாம்மா?" என்று துக்கம் விசாரித்தார்.

"இன்னும் இல்லீங்க" என்றேன்.

கம்ப்ளெய்ன்ட்

அந்த மாலையிலேயே செக்யூரிட்டிக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பண்ருட்டிப் பக்கத்து ஆள். மீசையும் மரியாதையுமாக நின்றார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வூட்டுல ஒருத்தர் மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு துப்பாக்கியால குறி பாக்கறாருன்னு கம்ப்ளெய்ன்ட்."

"யாரு குடுத்தது?" என்றார் இவர்.

"அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க."

எதிர்வீட்டு ஜன்னல் திரை டக்கென்று மூடியது. அதற்கு மேல் அவர் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

இவர் துப்பாக்கியைக் காட்டினார். ஸ்கோப்பைக் காட்டினார். இஸ்திரிப் பெட்டியைக் காட்டினார். செக்யூரிட்டிக்காரர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். எங்கள் முருங்கை மரத்தைப் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னலையும் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டார்.

"நல்லாத்தான் தெரியுது சார்" என்று சொல்லி ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக முழுமையான விசாரணை அது.

ஜமால் வீட்டுக் கல்யாணம்

ஜமால் பாய்க்கு டவுன்ஷிப் பஜாரில் ஹார்டுவேர் கடை. இவர் ஓய்வு பெற்ற பிறகு காலையில் போய் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற இடம் அது. அவருடைய மகள் ரிஸ்வானா பிறந்தபோது பிரசவ வார்டில் நான்தான் டூட்டி. அந்தக் குழந்தையை முதலில் கையில் வாங்கியவள் என்ற உரிமையில், நிக்காஹுக்கு நாங்கள் வீட்டு ஆட்களாகவே போனோம்.

மண்டபம் முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையில், முந்திரித் தோப்பை ஒட்டி இருந்தது. எந்த மண்டபம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஸ்கூட்டரில் போனோம். நான் மடியில் பரிசுப் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தேன். இருக்கைக்கு அடியில், துண்டு சுற்றிய துப்பாக்கி.

"கல்யாணத்துக்கு எதுக்கு அது?" என்று கிளம்பும்போதே கேட்டேன்.

"சும்மா இருக்கட்டும்."

சாலையில் எத்தனை பள்ளம், எத்தனை வேகத்தடை என்று என் முதுகெலும்புக்குத் தெரியும்.

மண்டபத்தில் ஏ.சி. முழுவீச்சில் ஓடிக்கொண்டிருந்தது. சரவிளக்கு, மைக், மேடை விளக்கு எல்லாம் எரிந்தன. பெண்கள் பக்கம் ரிஸ்வானாவைப் பார்த்துவிட்டு, மருதாணிக் கையைப் பிடித்து வாழ்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பினால் இவரைக் காணோம். தேடிக்கொண்டு பின்பக்கம் வந்தபோதுதான் நான் முதலில் சொன்ன காட்சி.

மண்டபத்துக்கென்று தனி டிரான்ஸ்ஃபார்மர், வேலி போட்டு, இரண்டு கம்பங்களின் மேல் நின்றது. அதிலிருந்து வரும் மூன்று கம்பிகள் பக்கத்துக் கம்பத்தில் வந்து சேரும் இடத்தில் மூன்று முனைகள். அங்கிருந்துதான் மண்டபத்துக்குள் கரண்ட் போகிறது. அந்தக் கம்பிகளுக்கு நேர் கீழேதான், நிழல் நல்லபடியாக விழுகிறது என்று, யாரோ புண்ணியவான் ஷாமியானா கட்டியிருந்தார். அதற்கடியில்தான் வெங்காயம்.

இவர் என் பக்கம் திரும்பினார். முகம் மாறியிருந்தது.

"ஸ்டெல்லா, மூணும் ஒரே லோடு. ஒரே மாதிரிதான் சூடு இருக்கணும். வலது பக்கம் நார்மல். இடது பக்கம் ஜில்லுனு காட்டுது, அது பளபளப்பால இருக்கும். நடுவுல இருக்கறது கொதிக்குது. கனெக்‌ஷன் லூஸா இருக்கு. விட்டா உருகி கம்பி கீழ விழும்."

கீழே என்றால் எங்கே என்று இருவருமே பார்த்தோம். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

நடுவில் இருப்பது

இவர் நேராகப் போய் மண்டப மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் எலக்ட்ரீஷியன் செல்வத்தைக் கூப்பிட்டார். செல்வம் சேத்தியாத்தோப்புக்காரன். முப்பத்தைந்து வயது இருக்கும். வேலை தெரிந்தவன், அது தெரிந்த நடை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சிலரும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்கள். ஜமால் பாயும் வந்துவிட்டார்.

"எது சார் சூடு?" என்றான் செல்வம்.

"நடுவுல இருக்கறது."

செல்வம் சிரித்தான். "நடு முனையா? போன மாசம்தான் நானே ஏறி, கம்பிய மாட்டற லக்கப் புதுசாப் போட்டு முடுக்கினேன். அதுல கொறை வராது சார். இன்னா டெலஸ்கோப்பு அது? ஆன்லைன்ல வாங்கினதா?"

ஆன்லைன் என்ற சொல்லுக்கு அவ்வளவு இழிவான பொருள் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வேடிக்கை பார்த்த இளவட்டம் ஒன்று, "மாமா, அப்படியே பிரியாணி வெந்துச்சான்னு பாத்துச் சொல்லுங்க" என்றது. நல்ல சிரிப்பு. மேனேஜரும் சிரித்தார். ஜமால் பாய் சிரிக்கவில்லை. ஆனால் இவருடைய தோளில் கை வைத்து, "சார், நிக்காஹ் நடத்த ஹஜ்ரத் வர்ற நேரம். வாங்க, உள்ள உக்காருவோம்" என்றார். நோயாளியின் சொந்தக்காரர்களிடம் நாங்கள் பேசுகிற அதே குரல்.

இவர் உள்ளே போகவில்லை. முந்திரி மரத்தடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். துப்பாக்கியை மடியில் குப்புற வைத்துக்கொண்டார்.

நானும் அதுவரை மனசுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இவரைப் பார்த்துச் சிரிக்கிற உரிமையை நான் இன்னும் யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அவர்கள் சிரித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு டம்ளர் ரோஸ் மில்க் வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"இடது பக்கம் ஜில்லுனு இருக்குன்னீங்களே. எவ்வளவு?"

சொன்னார். வார்டில் ஐஸ் பாக்ஸில்தான் அந்த அளவு இருக்கும்.

"வெயில்ல காலையிலேர்ந்து காயற இரும்பு எப்படிங்க அவ்வளவு ஜில்லுனு இருக்கும்?"

"பளபளப்பா இருந்தா குறைச்சுக் காட்டும்னு சொன்னேனே."

"கொஞ்சம் குறைச்சுக் காட்டலாம். இது அநியாயம். ஒரு பேஷண்டுக்குத் தெர்மாமீட்டர் தாறுமாறாக் காட்டினா நாங்க பேஷண்ட சந்தேகப்பட மாட்டோம். தெர்மாமீட்டரத்தான் உதறுவோம்."

இவர் ரோஸ் மில்க்கை வாயில் வைத்தவர் அப்படியே நிறுத்தினார். டம்ளரை என்னிடம் கொடுத்தார். ஸ்கோப்பைப் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்தார். அது அசைந்தது.

"வானம்" என்றார். "இடது முனைன்னு நெனச்சு நான் வானத்தப் பாத்திருக்கேன். வெறும் வானம்னா ஜில்லுனுதான் காட்டும்."

கங்கு

சரிபார்க்க இஸ்திரிப் பெட்டிக்கு எங்கே போவது? தேக்சா மூடிகளின் மேல் தம் போடுவதற்காகக் கங்கு அள்ளிப் பரப்பியிருந்தார்கள். நான் பிரியாணி மாஸ்டரிடம் போய் ஒரு கங்கு கேட்டேன்.

"எதுக்கு சிஸ்டர்?"

"தெர்மாமீட்டருக்கு."

மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூடியத் தொறக்கச் சொல்லாத வரைக்கும் எது வேணாலும் எடுத்துக்குங்க" என்று ஒரு கரண்டியில் எடுத்துக் கொடுத்தார்.

மதில் மேல் ஒரு செங்கல். செங்கல் மேல் கங்கு. கம்பம் இருக்கிற அதே தூரத்துக்கு இவர் தள்ளி நின்றார். நாற்காலி முதுகில் கையை ஊன்றிக்கொண்டு கூட்டல் குறியைக் கங்கின் மேல் வைத்தார். துப்பாக்கி வெறும் மதிலின் சூட்டைக் காட்டியது. மெல்ல வலப்பக்கம் நகர்த்தினார். கூட்டல் குறி கங்கைத் தாண்டி ஒரு முழம் போன பிறகுதான் நம்பர் எகிறியது.

பள்ளத்தில் குதித்துக் குதித்து வந்ததில் கிளாம்ப் தளர்ந்து, ஸ்கோப் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. இவர் ஒன்றைப் பார்க்க, லென்ஸ் அதற்கு இடப்பக்கம் இருப்பதைப் பார்த்திருக்கிறது. அப்படியானால் நடுவில் இருப்பது கொதிக்கிறது என்று சொன்னது உண்மையில் இடது முனையின் சூடு.

சட்டைப் பையிலிருந்து குட்டிச் சாவி வந்தது. பட்டுக்கரை வேட்டியோடு மண்ணில் மண்டியிட்டு, கிளாம்ப்பை முடுக்கி, கங்கை வைத்து மறுபடி சேர்த்தார். பிறகு கம்பத்தைப் பார்த்தார். வலது, நார்மல். நடு, நார்மல். இடது பக்கம் வந்ததும் திரையை என்னிடம் திருப்பிக் காட்டினார். முன்பு சொன்னதைவிட ஏறியிருந்தது.

"போய்ச் சொல்லுங்க" என்றேன்.

அவர் நகரவில்லை. "ஒரு தடவை சிரிச்சது போதாதா? இப்ப போய் நடு இல்ல, இடதுன்னு சொன்னா என்ன நெனப்பாங்க?"

"நான் போய்ச் சொல்லவா?"

கொஞ்ச நேரம் ஷாமியானாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "வேண்டாம். தப்பாச் சொன்னது நான்தான்."

இரண்டாம் தடவை

உள்ளே ஹஜ்ரத் வந்துவிட்டார். மாப்பிள்ளையை மேடைக்கு அழைத்துப் போகிறார்கள். அந்த நேரத்தில் இவர் முழங்காலில் செம்மண்ணோடு, கையில் துப்பாக்கியோடு ஜமால் பாயின் எதிரில் போய் நின்றார்.

"ஜமால், நான் முதல்ல சொன்னது தப்பு. செல்வம் சொன்னதுதான் சரி, நடு முனை நல்லாத்தான் இருக்கு. என் ஸ்கோப் கோணிக்கிச்சு. சரிபண்ணிப் பாத்துட்டேன். சூடா இருக்கறது இடது முனை."

செல்வம் மேடைப் பக்கம் மைக் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். "இன்னா சார், முதல்ல நடு, இப்ப இடது. சாப்பாட்டுக்கு அப்புறம் வலதுன்னு சொல்வீங்களா?"

மேனேஜர் பதறினார். "இப்ப நிறுத்தினா ஜெனரேட்டர்லதான் ஓட்டணும். ஜெனரேட்டர் ஏ.சி. தாங்காது பாய். இவ்ளோ கூட்டம், வெந்துடுவாங்க. அப்புறம் என்னத்தான் திட்டுவாங்க."

ஜமால் பாய் மேடையைப் பார்த்தார். மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கத்துத் திரையைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார், தலையிலிருந்து முழங்கால் செம்மண் வரைக்கும்.

"இத்தன வருஷமா கடை நடத்தறேன்" என்றார் மெதுவாக. "தப்பான சரக்கக் குடுத்தவன் யாரும் அவனா திரும்பி வந்து தப்புன்னு சொன்னதில்ல. நாமதான் தேடிப் போவணும். இவரு வந்து சொல்றாரு. ஜெனரேட்டரப் போடுங்க தம்பி. பின்னால இருக்கற பொம்பளைங்கள முன்பக்கம் வரச் சொல்லுங்க."

ஏ.சி. நின்றது. இரண்டு மின்விசிறிகளும் மைக்கும் மட்டும் ஓடின. பட்டும் அத்தரும் வியர்வையும் கலந்த ஒரு மணம் மண்டபத்தை நிறைத்தது. "என்ன மண்டபம் புடிச்சிருக்காங்க?" "இதுக்கு ஒரு பந்தல் போட்டிருக்கலாம்." ஜமால் பாயின் சொந்த மச்சானே கைக்குட்டையால் விசிறிக்கொண்டு, "யாரோ ஒரு கிறுக்கன் சொன்னானாம்" என்றார். அந்தக் கிறுக்கனின் மனைவி பக்கத்தில்தான் நிற்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. நானும் அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை.

ஜெனரேட்டரின் தடதடப்புக்கு நடுவில் ரிஸ்வானாவின் நிக்காஹ் நடந்தது. அவள் சம்மதம் சொன்ன குரல் எனக்குக் கேட்கவில்லை. அவள் பிறந்தபோது போட்ட கூச்சலை நினைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கையோடு வந்தது

பின்பக்கம் போனேன். செல்வம் கைப்பிடியை இழுத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் கரண்டை நிறுத்தி, பூட்டுப் போட்டு, கம்பியில் எர்த் மாட்டிவிட்டு, ஏணி சாத்தி ஏறிக்கொண்டிருந்தான். முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு மிச்சமிருந்தது. இவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலில் நடு முனை. ஸ்பேனரை வைத்தான். அசையவில்லை. "பாத்தீங்களா சார்? நான் வச்ச டைட்டு" என்றான்.

இடது முனைக்கு நகர்ந்து ஸ்பேனரை வைத்தான். திருகவே இல்லை. லக் கறுகிப்போய்க் கம்பியோடு அப்படியே கையோடு வந்துவிட்டது.

ஏணி உச்சியில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கீழே காலியாகக் கிடந்த ஷாமியானாவைப் பார்த்தான். இறங்கி வந்து, இவர் பக்கம் நீட்டினான். ஓரம் உருகி, பாதி எரிந்த மெழுகுவர்த்தி மாதிரி இருந்தது.

"சார்" என்றான். அவ்வளவுதான்.

இவர் வெற்றிப் பெருமிதத்தில் ஏதாவது பிரசங்கம் செய்வார், அதை ஒரு மாதம் கேட்க வேண்டியிருக்கும் என்று நான் தயாராக இருந்தேன். இவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கறுகிய லக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செல்வம் சிரிக்காம இருந்து, நான் சொன்னத நம்பி நடுவ மட்டும் முடுக்கிட்டு, எல்லாம் சரின்னு அந்தப் பொம்பளைங்கள மறுபடி உக்கார வச்சிருந்தா?"

பழக்கத்தில் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி குதிரை மாதிரி ஓடியது. அது அடங்குகிற வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை. பிரியாணி பந்தி இரண்டு முடிந்திருந்தது.

நடக்காத விபத்துக்கு யாரும் மாலை போட மாட்டார்கள். செல்வம் புது லக் போட்டு, மறுபடி ஏ.சி. ஓட ஆரம்பித்ததும், "முன்னாடியே போட்டிருக்கலாமே" என்று சொன்னவர்கள்தான் அதிகம். மச்சான் கடைசி வரை மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை

பூசை முடிந்து வந்து நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பைக் நின்றது. செல்வம். கையில் ஒரு பலாப்பழம்.

"சிஸ்டர், சார் இருக்காரா?"

இவர் வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பலாப்பழத்தையே பார்த்துக்கொண்டு பேசினார்கள்.

"சார், இந்தப் பக்கமே இன்னும் ரெண்டு மண்டபம் நான்தான் பாத்துக்கினு இருக்கேன். ஒண்ணுல இன்னிக்கி ரிசப்ஷன். வெளக்கெல்லாம் போட்டுட்டாங்க. லோடு இருக்கறப்பவே பாத்தாத்தான தெரியும்? நீங்க கீழேர்ந்து பாருங்க, ஏணியில நான் ஏறிக்கறேன்."

"ஸ்கோப்ப அங்க போய் மறுபடி சேக்கணும்" என்றார் இவர். "வண்டியில போனா கோணிக்கும்."

"சேத்துக்கலாம் சார். பலகாரத்துக்கு அங்க அடுப்பு எரியுது. கங்குக்குப் பஞ்சமில்ல."

இவர் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டார். இந்த முறை துப்பாக்கியை இருக்கைக்கு அடியில் போடவில்லை. கைக்குழந்தையைப் போலத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு செல்வத்தின் பைக்கில் பின்னால் உட்கார்ந்தார். "பள்ளத்தப் பாத்துப் போப்பா" என்று அவர் சொன்னது தெருமுனை வரை கேட்டது.

மதியம் நேரங்கழித்து வந்தார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. ஒரு கண்ணைச் சுற்றி ஸ்கோப்பின் ரப்பர் அழுந்திய வட்டம்.

"என்ன ஆச்சு?" என்றேன். ஏதோ நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"ஒண்ணுமே இல்ல ஸ்டெல்லா" என்றார். "மூணு முனையும் ஒரே சூடு. ரெண்டு தடவ சேத்துப் பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல."

ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு இவ்வளவு சந்தோஷமாக மீன் குழம்புக்குக் கை கழுவிய ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.